கோல்டு தகுதியும் கடைக் கணக்கும்

வாணிகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வினா எழுந்துள்ளது. கடைச் செலவுகளை பிசினஸ் கிரெடிட் கார்டின் வழியே செய்துவந்தால், விமானக் கம்பெனிகள் அளிக்கும் சில்வர், கோல்டு, பிளாட்டினம் முதலிய உயர் தகுதிகளை எளிதில் அடையலாம் என்கின்றனரே, அதில் நாமும் இறங்கலாமா என்பதே அவ்வினா. மட்டாஞ்சேரி பஜாரில் கடை நடத்தும் அன்பர்களும், மாலையில் கடைக் கணக்கைச் சரிபார்க்கும் அவர்தம் மக்களும் இது பற்றிப் பேசிக்கொள்வதை நாம் கேட்டு வருகிறோம். ஆதலின் இத்திங்கள் இப்பகுதியில் அதனையே எடுத்துக்கொண்டோம்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். எவ்வாறாயினும் செய்தே தீரவேண்டிய செலவை கார்டின் வழியே செய்து, தவணை நாளுக்குள் பில் தொகை முழுவதையும் கட்டிவிடக் கூடியவர்க்கு இஃது ஒரு சிறு நன்மை. தகுதியை அடைவதற்காகவே செலவைப் பெருக்குவோர்க்கோ இது கடையின் முதலைச் சிறுகச் சிறுகத் தின்னும் வழி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அதைக் காட்டுவதே நம் நோக்கம்.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால் பாதித் தெளிவு வந்துவிடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் கம்பெனி 1981ஆம் ஆண்டில் ‘அட்வாண்டேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவர்க்குப் பறந்த தூரத்துக்கேற்ப மைல்களைக் கணக்கில் எழுதி, அவை சேர்ந்தபின் இலவச டிக்கெட் கொடுப்பது அதன் ஏற்பாடு. 1987ஆம் ஆண்டில் சிட்டி பாங்க் அதனுடன் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டை வெளியிட்டது. அது முதல், விமானத்தில் ஏறாமல் கடைத்தெருவில் செலவழித்தும் மைல் சேர்க்கலாம் என்றாயிற்று. எனினும் கோல்டு முதலிய தகுதிகள் நெடுங்காலம் பெரும்பாலும் பறப்பவர்க்கே உரியனவாய் இருந்தன. 2022ஆம் ஆண்டில் அக்கம்பெனி அவ்வரம்பையும் தளர்த்தியது. அதன் கார்டில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் தகுதிக்குரிய புள்ளி ஒன்று கிடைக்கும் என்று விதி வகுத்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில், 40,000 புள்ளி சேர்ந்தால் கோல்டு, 2,00,000 புள்ளி சேர்ந்தால் எக்ஸிகியூட்டிவ் பிளாட்டினம். அதாவது, ஒரு வாணிகர் விமானத்தின் படியில் கால் வைக்காமலே அடிக்கடி பறப்பவருக்குரிய பட்டத்தைப் பெறலாம்!

விமானக் கம்பெனிக்கு இதனால் வரும் ஊதியம் யாது என்று நேயர்கள் கேட்கலாம். மைல்களை வங்கி விலை கொடுத்து வாங்குகிறது. அவ்விலையைக் கடைக்காரர் கொடுக்கும் தரகிலிருந்தும், கார்டுதாரர் கொடுக்கும் சந்தாவிலிருந்தும் வட்டியிலிருந்தும் வங்கி ஈட்டிக்கொள்கிறது. இவ்வாணிகம் எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். கொரோனாத் தொற்றினால் விமானங்கள் நின்றுபோன 2020ஆம் ஆண்டில், யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் ‘மைலேஜ்பிளஸ்’ திட்டத்தையே ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கியது. விமானம் பறக்காத காலத்திலும் மைல்களுக்கு மதிப்பிருந்தது. கோல்டு என்னும் பட்டம் நம்மீதுள்ள அன்பினால் அளிக்கப்படுவதன்று. நம் செலவைத் தம் பக்கம் திருப்புவதற்காக அளிக்கப்படுவது. இதில் குற்றமொன்றுமில்லை. வாணிகர்க்கு வாணிகரின் நோக்கம் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விஸ்தாரா விமானக் கம்பெனி 2015ஆம் ஆண்டு சனவரியில் பறக்கத் தொடங்கியது. ஆக்ஸிஸ் வங்கி அதனுடன் சேர்ந்து வெளியிட்ட ‘இன்ஃபினிட்’ என்னும் கார்டுக்கு ஆண்டுச் சந்தா 10,000 ரூபாயும் வரியும். அதை வாங்கியவர்க்கு அக்கம்பெனியின் கோல்டு தகுதி உடன் கிடைத்தது. ஆண்டில் குறித்த தொகைக்குமேல் செலவிட்டோர்க்கு உயர்வகுப்பு இலவச டிக்கெட்டுகளும் கிடைத்தன. கார்டின் வழியே தகுதி என்பது நம் நாட்டு நடுத்தர வாணிகர்க்கும் எட்டியது இவ்வாறுதான். ஆனால் 2024ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்து மறைந்தது. அதன் உறுப்பினர் கணக்குகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அத்திட்டமும் ‘மகாராஜா கிளப்’ என்று பெயர் மாறியது. அந்த கார்டுகளைப் புதியவர்க்கு வழங்குவது நின்றது. 2025ஆம் ஆண்டில் பழையவர்க்கிருந்த சலுகைகளும் குறைக்கப்பட்டன.

அதற்கும் முந்திய கதைகள் இன்னும் கசப்பானவை. கிங்ஃபிஷர் விமானங்கள் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் நின்றன. 1993 முதல் பறந்துவந்த ஜெட் ஏர்வேஸ் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் தன் கடைசி விமானத்தை இறக்கியது. ஜெட்டின் மைல் திட்டம் தனிக் கம்பெனியாய் இருந்ததனால் அவ்வாண்டிலேயே ‘இன்டர்மைல்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தது. சேர்த்த மைல்கள் முழுதும் அழியாமல் தப்பின. ஆயினும் பிளாட்டினம் பெற்றவர் அப்பட்டத்தை வைத்துக்கொண்டு ஏறுவதற்கு ஜெட் விமானம் எங்கே இருந்தது?

இவற்றால் நாம் அறியவேண்டுவது ஒன்று. தகுதி என்பது நம் சொத்தன்று. அஃது ஓராண்டுக்கு இரவலாகக் கிடைப்பது. விதிகளை எழுதுவோரும் அவர்களே, திருத்துவோரும் அவர்களே. பண்டகசாலையில் அடுக்கிய மிளகு மூட்டை விலை இறங்கினாலும் மிளகாகவே இருக்கும். மைலும் தகுதியும் அத்தகைய சரக்கல்ல.

அடுத்து, நம் தொழிலின் இயல்பைப் பார்ப்போம். மட்டாஞ்சேரியின் வாணிகம் மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள், தேயிலை ஆகியவற்றால் வளர்ந்தது. மலைநாட்டு விவசாயியும் சிறு வியாபாரியும் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வங்கிக் கணக்கில் எதிர்பார்ப்பவர்கள். கார்டு தேய்க்கும் இயந்திரம் அவர்களிடம் இராது. ஆகவே கடையின் மிகப் பெரிய செலவாகிய சரக்குக் கொள்முதல் இயல்பாகவே கார்டுக்கு வெளியே நிற்கிறது. ஏற்றுகூலி, இறக்குகூலி, வேலையாட்களின் சம்பளம் ஆகியவையும் அவ்வாறே. டிக்கெட், ஓட்டல், விளம்பரம், கம்ப்யூட்டர், தொலைபேசி, அட்டைப்பெட்டி, கூரியர் ஆகியவையே கார்டில் அடங்குவன. எரிபொருள், வரி, வாடகை முதலியவற்றுக்குப் பல கார்டுகள் புள்ளி தருவதில்லை. தந்தாலும் குறைத்தே தருகின்றன.

இத்தடையைத் தாண்டுவதற்குச் சில இடைத்தரகு நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. நீங்கள் கார்டில் அவர்களுக்குப் பணம் செலுத்தினால், அவர்கள் ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சரக்குக் கொடுத்தவரின் வங்கிக் கணக்கில் சேர்ப்பார்கள். தகுதி தேடுவோர்க்கு இது பெருவாய்ப்பாகத் தோன்றியது. ஆனால் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதில் தலையிட்டது. கார்டு ஏற்காதவர்க்கு இவ்வாறு பணம் கடத்துவது தனி அனுமதி பெறவேண்டிய பணப்பட்டுவாடா முறை என்றும், அவ்வனுமதி பெறப்படவில்லை என்றும் கூறி, அவ்வேற்பாட்டை நிறுத்தி வைக்கச் செய்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த புதிய விதிகளுக்குப் பின், கிரெடிட் கார்டில் வீட்டு வாடகை செலுத்தும் வசதியையும் பல செயலிகள் கைவிட்டன. பிசினஸ் கார்டில் செலவிடும் பணம் எதற்குப் போகிறது என்பதைக் கண்காணிக்கவேண்டும் என்று 2024ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குக் கட்டளை பிறந்துவிட்டது. ஆதலின், ‘நம் சிநேகிதர் கடையில் தேய்த்துப் பணமாக வாங்கிக்கொள்வோம்’ என்பன போன்ற யோசனைகளை யார் கூறினும் செவி சாய்க்கலாகாது. அது கார்டைப் பறிகொடுக்கும் வழி, ஜி.எஸ்.டி. கணக்கிலும் வீண் சிக்கலை இழுத்துவிடும். தனிநபர் கார்டைத் தொடர்ந்து கடைக் கொள்முதலுக்குப் பயன்படுத்துவதும் பல வங்கிகளின் நிபந்தனைக்கு மாறானதே.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை இன்னும் விளங்கும். தகுதிக்குப் பத்து இலட்சம் ரூபாய்ச் செலவு குறைகிறது என்று கொள்வோம். அதைக் கார்டில் செலுத்துவதற்கு நூற்றுக்கு 2 வீதம் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள் என்றும் கொள்வோம். கட்டணம் 20,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600 ரூபாய். ஆக 23,600 ரூபாய். ஆண்டில் நான்கு முறை பறக்கும் ஒருவர் இத்தொகையைக் கொண்டு ஒவ்வொரு முறையும் தமக்கு வேண்டிய முன்வரிசை இருக்கையையும் கூடுதல் பெட்டியையும் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாமே! தகுதி பெற்று இலவசமாய் அடைந்தோம் என்று எண்ணுவது, கூடுதல் விலையை வேறு பெயரில் கொடுத்ததாகவே முடியும்.

இது வட்டியில்லாக் கணக்கு. வட்டி வந்து புகுந்தால் நிலைமை வேறு. கிரெடிட் கார்டில் பாக்கி நின்றால் மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி என்பது இன்று வழக்கமாயிருக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 42 ரூபாய். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் தள்ளிவிட்டது. எனவே அவ்வரம்பும் இப்போது இல்லை. இரண்டு இலட்சம் ரூபாய் பாக்கி நின்றால் மாத வட்டி 7,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,260 ரூபாய், ஆக 8,260 ரூபாய். ஆறு திங்கள் இவ்வாறு இழுத்தால், வட்டிக்கு வட்டியை விட்டுவிட்டாலும், 49,560 ரூபாய் போய்விடும். மேலும், பாக்கி வைத்தவர்க்குப் புதிய கொள்முதலுக்குரிய வட்டியில்லாத் தவணையும் போய்விடுகிறது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ‘குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்’ என்று பில்லில் அச்சிட்டிருப்பது நமக்குச் செய்யும் உதவியன்று.

மிளகு வாணிகம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது. விற்ற சரக்குக்குப் பணம் வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகலாம். கார்டின் தவணையோ நாற்பத்தைந்து நாள், ஐம்பது நாளுக்குள் முடிந்துவிடும். வரவு பின்தங்கி, செலவு முன்னோடும் தொழிலில் இருப்போர் இதை இருமுறை எண்ணவேண்டும். முதல் முடை உண்டாயின், வங்கியில் முறையான ஓவர்டிராஃப்ட் வாங்குவதே மேல். அதன் வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

இனி நாம் சொல்லப்போவது பணத்தினும் பெரியது. அண்ணன் தம்பியர் கூட்டாக நடத்தும் கடைகள் நம்மில் பல. செலவு கூட்டுக் கடையினுடையது. பில்லைக் கட்டுவது கூட்டுப் பணம். ஆனால் கோல்டு தகுதி கார்டில் பெயர் உள்ள ஒருவருக்கே வரும். அதைத் தம்பிக்கு மாற்றிக் கொடுக்க இயலாது. மூத்தவர் லவுஞ்சில் அமர்ந்து சிற்றுண்டி அருந்த, இளையவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வரிசையில் நிற்பார் என்றால், அதை அவர் வாய்விட்டுச் சொல்லாமலிருக்கலாம். மனத்தில் எழுதிக்கொள்ளாமல் இரார். கடனோ அவ்வாறு ஒருவரோடு நிற்பதில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டு வாணிகச் சட்டத்தின்படி, கடையின் கடனுக்குக் கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியேயும் பொறுப்பாவர். தனியுரிமைக் கடையாயின் கடையின் கடன் உரிமையாளரின் சொந்தக் கடனே. அது குடும்பத்தின் வீட்டையும் நகையையும் தொடக்கூடும். பெருமை ஒருவருக்கு, பொறுப்பு எல்லோருக்கும் என்னும் ஏற்பாடு எக்குடும்பத்திலும் நெடுநாள் நிலைக்காது.

அதற்காக இதை அறவே ஒதுக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. இதில் மெய்யான பயனும் உண்டு. ஏர் இந்தியா 2014ஆம் ஆண்டு சூலை முதல் ஸ்டார் அலையன்ஸ் என்னும் உலகக் கூட்டமைப்பில் இருக்கிறது. அக்கூட்டமைப்பின் கோல்டு தகுதி உடையவர், எடைக் கணக்கு உள்ள பயணங்களில் 20 கிலோ கூடுதலாகக் கொண்டுசெல்லலாம்; லவுஞ்சில் தம்முடன் ஒருவரை அழைத்துச் செல்லலாம். சிங்கப்பூரிலோ பிற நாடுகளிலோ மக்களை வைத்துக்கொண்டு, அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி எனப் பெட்டி கட்டும் நம் தாய்மார்களுக்கு அந்த 20 கிலோவின் அருமை தெரியும். வயது முதிர்ந்த தந்தையை இரவு விமானத்தில் அழைத்துச் செல்வோர்க்கு, அமர்ந்து இளைப்பாறும் இடத்தின் அருமையும் தெரியும். ஆண்டுக்குப் பலமுறை பறக்கும் ஏற்றுமதி வாணிகர் இத்தகுதியைப் பெரும்பாலும் பறந்தே ஈட்டிவிடுவார். கார்டு அவருக்குக் குறையை நிரப்பும் துணை. பறக்காதவர்க்கோ, பயன்படுத்தாத பட்டத்துக்குக் கொடுக்கும் விலை அது.

ஆதலின் இதில் இறங்க விரும்புவோர் சில நியமங்களைக் கைக்கொள்ளவேண்டும் என்பது நம் வேண்டுகோள். சென்ற ஆண்டின் பேரேட்டை எடுத்து, கார்டில் அடங்கக்கூடிய செலவு எவ்வளவு என்று முதலில் கூட்டிப் பாருங்கள். அத்தொகைக்குள் கிடைக்கும் தகுதியை மட்டும் நோக்குங்கள்; அதற்குமேல் ஒரு ரூபாயும் தகுதிக்காகச் செலவிடாதீர்கள். பில் தொகை முழுவதும் தவணை நாளில் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியுமாறு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் ஒரே கார்டில் கலவாதீர்கள். கூட்டுக் கடையாயின், புள்ளிகளால் வரும் டிக்கெட் யாருக்கு, எந்த முறையில் என்பதைக் கூட்டாளிகள் எல்லோரும் கூடி ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். வீட்டின் வரவு செலவைக் கவனிக்கும் பெண்மக்களுக்கும் அந்த ஏட்டைக் காட்டுங்கள். சேர்ந்த புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் பூட்டி வையாமல் விரைவில் செலவிட்டுவிடுங்கள். வட்டி ஈட்டுவன அல்ல அவை. ஆண்டு முடிவில், கட்டிய சந்தாவையும் அடைந்த பயனையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். பயன் குறைவாயின் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

நம் கொச்சியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு வரை விமானங்கள் மட்டாஞ்சேரிக்கு எதிரேயுள்ள வில்லிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில் இறங்கின. அவ்வாண்டில் நெடும்பாசேரியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அரசின் பணத்தால் மட்டும் கட்டப்பட்டதன்று அந்நிலையம். வெளிநாடுகளில் உழைத்தோர் உள்ளிட்ட பல்லாயிரவர் பங்கு வாங்கிப் பணம் தந்தனர். அவர்களுக்குப் பங்குப் பத்திரம் கிடைத்தது. பின்னர் ஈவுத்தொகையும் வந்தது. அந்நிலையத்தில் இருவர் அருகருகே நிற்கக்கூடும்: ஒருவர் அதன் பங்குதாரர், மற்றவர் கோல்டு தகுதியாளர். முன்னவர் வரிசையில் நின்றாலும் அவர் கையிலிருப்பது உடைமை. பின்னவர் லவுஞ்சில் அமர்ந்தாலும் அவர் கையிலிருப்பது ஓராண்டுச் சலுகை. இரண்டையும் ஒன்றென மயங்காதிருத்தலே வாணிக அறிவு.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரம் உண்டு. செலவையும் வரவையும் பின்விளைவையும் எண்ணித் துணியவேண்டும் என்பதே அதன் பொருள். வங்கியின் அட்டையை வாங்குமுன் அவ்வதிகாரத்தை ஒருமுறை குடும்பத்தோடு அமர்ந்து படித்துவிடுதல் நலம். நம் முன்னோர் கையில் அதிக முதலின்றி இவ்வூருக்கு வந்தனர். சொன்ன நாளில் சொன்ன பணத்தைக் கொடுத்தனர் என்னும் பெயரே அவர்களுக்கு இப்பஜாரில் இடம் தந்தது. அப்பெயரை எந்தக் கம்பெனியும் ஆண்டு முடிவில் திரும்பப் பெற்றுக்கொள்ள இயலாது. அதைக் காத்துக்கொண்டு, அதன் மேல் கோல்டு தகுதியும் வருமாயின் வரட்டும், மகிழ்வோம்.